இருபக்கமும் இறக்கம்

ஜவ்வாது மலையின் மேலே மான்கொல்லை என்றொரு ஊரும், அதற்கு ஏழு கிலோமீட்டர் கிழக்கே வேடன்வாசல் என்றொரு ஊரும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே சாமைக் கொல்லைகளைச் சுற்றிச் சுற்றிப் போகிற சாலையில், மான்கொல்லையிலிருந்து புறப்பட்டால் வேடன்வாசல் வரைக்கும் இறக்கம், வேடன்வாசலிலிருந்து திரும்பினால் மான்கொல்லை வரைக்கும் இறக்கம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றுதான் இரண்டு ஊர்க்காரர்களும் சொல்கிறார்கள். ஆச்சரியப்பட்டு, பிறகு அதையே தன்னுடைய கால்பலம் என்று நம்பி, ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரே ஆள் நான்தான்.

என் பெயர் சிங்காரவடிவேல். வளர்ந்து எப்படி ஆகிறேன் என்று பார்க்காமல் என் தகப்பனார் அவசரப்பட்டு வைத்த பெயர். திருப்பத்தூரில் பத்திர எழுத்தராக இருக்கிறேன். வடக்கே இன்னாருடைய புன்செய், தெற்கே ஓடை, கிழக்கே பாதை என்று முப்பது வருடம் உட்கார்ந்த இடத்திலேயே ஊரார் நிலத்துக்கெல்லாம் நான்கு எல்லை எழுதி எழுதி, முற்றுப்புள்ளி வைத்தால் அந்த இடைவெளியில் எவனாவது புகுந்துவிடுவான் என்ற தொழில் பயத்தில் வாக்கியத்தை முடிக்கிற பழக்கமே போய்விட்டது, என் உடம்பு மட்டும் நான்கு எல்லையையும் தாண்டித் தொண்ணூற்று நான்கு கிலோவில் வந்து நின்றது. சைக்கிள் ஓட்டுங்கள் அல்லது மாத்திரை சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். மாத்திரையைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ள முடியாது என்பதால் சைக்கிள் வாங்கினேன்.

எங்கள் ஊரில் அதிகாலை மிதிவண்டிக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. தலைவர் பல் டாக்டர் இம்மானுவேல், பல்லைப் பிடுங்குவதுபோலவே ஆட்களையும் போர்வைக்குள்ளிருந்து பிடுங்கி எடுத்து வருகிறவர். முதல் வாரம் மலைப்பாதையில் மூன்றாவது வளைவில் நான் சைக்கிளோடு சாய்ந்து கிடந்தபோது அவர் தண்ணீர் கொடுத்து, "அண்ணே, நீங்க தரையிலேயே ஓட்டிப் பழகுங்க, மலை வேண்டாம்" என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் ஒரு குட்டியானை வண்டியைப் பேசி, சைக்கிளைப் பின்னால் ஏற்றி, நான் முன்னால் ஏறி, மலை முழுவதையும் உட்கார்ந்தபடியே ஏறி முடித்து, மான்கொல்லையில் போய் இறங்கினேன். இரண்டு யானைகள் போகிற மாதிரி இருந்தது என்று டிரைவர் பிற்பாடு யாரிடமோ சொல்லியிருக்கிறார்.

மான்கொல்லை பழைய ஊர். ஊர் முனையில் ஆயிரம் வருடத்து நடுகற்கள் வரிசையாக நிற்கும். அதில் நடுவிலிருக்கிற, வில்லை வளைத்து நிற்கிற கல்தான் வேடியப்பன். எந்த ராஜா கட்டினான் என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு சின்னக் கற்கோயில், அதன் மதிலோடு ஒட்டிய நாற்பத்தொரு வீடுகள், மஞ்சள் பூத்த மேடுகள், மேடுகளுக்கு நடுவில் ஒரு வண்டி சத்தம்கூட இல்லாத அந்தச் சாலை. அதில் ஏறி உட்கார்ந்தேன். மிதிக்க வேண்டியிருக்கவில்லை. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை ஊதிக்கொண்டே வர, ஏழு கிலோமீட்டரும் வழுக்கிக்கொண்டு போய் வேடன்வாசலில் நின்றேன். திரும்புகிற வழி ஏற்றம்தானே, தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று மனசைத் தயார்செய்து சைக்கிளைத் திருப்பினால், அது திரும்பியும் கீழ்நோக்கி ஓட ஆரம்பித்தது.

மான்கொல்லையில் டீக்கடை வைத்திருப்பவர் சடச்சியம்மா. ஐம்பது வயதிருக்கும். அவரிடம் கேட்டேன்.

"ஏம்மா, இந்த ரோடு போறப்பவும் எறக்கமா இருக்கு, வர்றப்பவும் எறக்கமா இருக்கே?"

"ஆமா சார்."

"அது எப்படிம்மா?"

"எப்பிடின்னா? அப்பிடித்தான் சார் கீது. சக்கரை போடலாமா?"

அவ்வளவுதான் விளக்கம். வேடியப்பன் உயிரோடிருந்த காலத்தில் மாடு பிடிக்க வந்தவர்களை மேட்டில் துரத்தி ஓடி மூச்சு வாங்கிச் செத்தான், அதனால் தன் சனங்கள் இனி மேடேற வேண்டாம் என்று வரம் கொடுத்தான் என்று மான்கொல்லையில் சொல்வார்கள். அவன் துரத்தவில்லை, துரத்தப்பட்டான் என்று வேடன்வாசலில் சொல்வார்கள். அந்தச் சண்டையில் இருக்கிற அக்கறை இறக்கத்தைப் பற்றி யாருக்கும் கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடி இரண்டு ஊர் ஏரியும் நிறையும். தாய்வீடு எப்போதும் இறக்கத்திலேயே இருக்கும் என்பதால் மான்கொல்லைப் பெண்கள் வேடன்வாசல் மாப்பிள்ளையைத்தான் கட்டுவார்கள். ஏறுவதற்கென்றே பிறந்த வெள்ளாடுகளுக்கு மட்டும் அந்தச் சாலை பிடிக்காது, ஓரத்தில் நின்று வெறுப்போடு பார்க்கும். என்ஜின் வைத்த வண்டிகளுக்கு அது சாதாரண மேடுபள்ளச் சாலைதான், ஏனென்றால் வேடியப்பனுக்கு என்ஜின் என்றால் என்னவென்று தெரியாது. அதனால் ரோடு போட வந்தவர்களுக்கும் ஒன்றும் தெரியாமல் போயிற்று.

மூன்று மாதம் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஒரு நடை போதாது என்று மூன்று நடை, நான்கு நடை. என் போனில் இருந்த கருவி தூரத்தையும் வேகத்தையும் பதிந்து கழகத்தார் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தது. மலைமேல் ஐம்பது கிலோமீட்டர், வியர்வை இல்லை, இளைப்பு இல்லை. இம்மானுவேல் போன் செய்து, "அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க" என்றார். நான் மன்னித்தேன். 'மலைச்சிங்கம்' என்று முதுகில் அச்சடித்த பனியன் ஒன்றைப் பொன்னாடைபோலப் போர்த்தினார்கள். கழுத்துக்குக் கீழே அது இறங்கவில்லை என்பதால் போர்த்தத்தான் முடிந்தது.

சடச்சியம்மா மட்டும் ஒவ்வொரு வாரமும் டீயை நீட்டிக்கொண்டே ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இன்னிக்கு எத்தினி நடை சார்?"

"நாலு போலாம்னு இருக்கேன்மா."

"நாலா?" என்று கண்ணை விரிப்பார். "ஒண்ணு போதாதா சார்? ஒடம்பு என்னத்துக்கு ஆவும்?"

எனக்கு நெஞ்சு நிமிரும். அந்த அம்மாவுக்கு என் உடம்பின்மேல்தான் எவ்வளவு அக்கறை என்று நினைத்து, அவர் மனம் குளிரட்டும் என்று அஞ்சாவது நடையும் போவேன்.

பிறகு பெருமை தாங்காமல் அந்தச் சாலையைப் பற்றிக் கழகத்தின் வாட்ஸப் குழுவில் எழுதினேன். 'வடக்கே சாமைக் கொல்லைகளுக்கும், தெற்கே நெல்லிக் காட்டுக்கும், மேற்கே புராதன நடுகற்களுக்கும், கிழக்கே வேடன்வாசல் ஏரிக்கும் உட்பட்டதும், வாகன இரைச்சல் ஏதுமற்றதும், சர்வ அமைதி பொருந்தியதுமான' என்று பத்திர நடையிலேயே எழுதினேன். இருபக்கமும் இறக்கம் என்பதை மட்டும் எழுதவில்லை. அடுத்த ஞாயிறு முப்பத்திரண்டு பேர் மூன்று குட்டியானைகளில் வந்து இறங்கினார்கள். மலைச்சிங்கம் முன்னால் போக, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

அன்றைக்குச் சாலையில் ஒரு மனிதர் இல்லை. தலையில் புல்லுக்கட்டு இல்லை, பால்கேன் இல்லை, மாடு இல்லை. "பாத்தீங்களா டாக்டர், எவ்வளவு அமைதி!" என்று கையை விரித்துக் காட்டினேன். பாதி வழியில் ஒருவர் சாலையோரம் நின்று சிவப்புத் துண்டைத் தலைக்குமேல் சுழற்றி என்னவோ கத்தினார். வெளியூர்க்காரர்களை எப்படி உற்சாகப்படுத்துகிறார்கள் பாருங்கள் என்று சொன்னேன். முப்பத்து மூன்று பேரும் அவருக்குக் கையசைத்தோம். நான் "நன்றி அண்ணே!" என்றும் கூவினேன். எல்லோருக்கும் இரண்டு பக்கமும் இறக்கமாகவே இருந்தது, ஆனால் ஒவ்வொருவரும் அது தன் கால்பலம் என்று நினைத்துக்கொண்டதால் யாரும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. இரண்டு நடை முடித்து டீக்கு வந்தோம்.

கடை சாத்தியிருந்தது. கடைக்குப் பின்னால் சடச்சியம்மாவின் வீட்டு வாசலில் ஊரே நின்றது. சிவப்புத் துண்டுக்காரர் சாலையில் கால் வைக்காமல் கொல்லைகளின் குறுக்கே மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் சடச்சியம்மாவின் தம்பி காளியப்பன்.

"இன்னா சார், இப்பிடிப் பண்ணிட்டீங்களே," என்றார். கோபத்தில்கூட மரியாதை குறையவில்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

"என்னய்யா பண்ணோம்?"

"உள்ள பாருங்க."

பார்த்தேன். வீடு வெளியிலிருந்து நேராகத்தான் நின்றது. உள்ளே தரை சுவர்போல நின்றுகொண்டிருந்தது. வாசற்படியிலிருந்து உள்ளே போகிறவர்களுக்கு அது செங்குத்தான ஏற்றம். உள்ளேயிருந்து வெளியே வருகிறவர்களுக்கும் அதே ஏற்றம்தான். ஆட்டுக்கல்லைக் கயிற்றால் தூணோடு கட்டியிருந்தார்கள். உள்ளறையில் உத்தரத்தோடு கட்டிய கட்டிலில் சடச்சியம்மாவின் மகள் செம்பகம் நிறைமாதமாகப் படுத்து, இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்து, பல்லைக் கடித்து முனகிக்கொண்டிருந்தாள். சடச்சியம்மா ஒரு சொம்பு வெந்நீரோடு தரையில் வயிறு படியத் தவழ்ந்து மகளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார். வாசலுக்கும் கட்டிலுக்கும் பதினைந்தடி இருக்கும். அரைமணி நேரமாக ஏறுகிறாராம், பாதிகூடத் தாண்டவில்லை. ஊர் நர்ஸ் இரண்டு முறை ஏறிப் பார்த்து இரண்டு முறையும் உருண்டு வாசலுக்கு வந்து, முழங்கையில் ரத்தத்தோடு நின்றிருந்தார்.

காளியப்பன் சொன்னார். ஏற்றம் எங்கேயும் போய்விடுவதில்லையாம். சாலையில் இறங்குகிறவர்கள் எல்லோருக்குமாக யாராவது ஒருத்தர் ஏறித்தான் ஆகவேண்டுமாம். அதற்குத்தான் ஏரித் தண்ணீருக்கு வைப்பதுபோல நாற்பத்தொரு வீட்டுக்கும் முறை வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் வேடியப்பன் கல்லுக்கு முன்னால் போய், நாளைக்கு இன்னார் வீடு என்று சொன்னால், மறுநாள் சூரியன் வந்ததிலிருந்து அதற்கடுத்த நாள் சூரியன் வரும்வரை அந்த வீட்டுக்குள் எந்தப் பக்கம் நடந்தாலும் மேடு. ஊர்க்காரர்கள் நடந்து போய் வந்தால் லேசான மேடுதான், பிள்ளைகள் அதில் விளையாடும். இன்றைக்குச் சடச்சி வீட்டு முறை. செம்பகத்துக்கு நாள் நெருங்கிவிட்டது என்பதால் இரண்டு ஊரும் பேசி வைத்துக்கொண்டு ஒருத்தர்கூட சாலையில் கால் வைக்கவில்லை.

நான் கையை விரித்துக் காட்டிய அமைதி அதுதான்.

"மூணு மாசமா ஞாயித்துக்கெழம யார் முறையோ அந்த வூட்ல யாரும் எழுந்து நடக்கறதில்ல சார்," என்றார் காளியப்பன். "நீங்க அஞ்சு நடை போனீங்களே, அன்னிக்கு எங்க சித்தப்பா வூடு. அவுரு வூட்டு பின்கொல்லைக்குப் போவறதுக்குக் காலைல கெளம்பி மத்தியானம் போய்ச் சேந்தாரு."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"வந்தவங்கள வராதீங்கன்னு எப்பிடி சார் சொல்றது? அக்கா கேட்டுகினுதான் இருந்துது, ஒண்ணு போதாதான்னு."

இம்மானுவேல் என்னைப் பார்த்தார். முப்பத்தோரு பேர் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

"இதை மாத்த வழியே இல்லையா?"

"முறை சொன்னா சொன்னதுதான். ஆனா வாங்கிக்கலாம். இன்னிக்கு எறங்குனவங்க யாராச்சும் வாங்கிக்கணும். எங்க ஆளுங்க யாரும் எறங்கலியே சார், நாங்க எப்பிடி வாங்கறது?"

உள்ளேயிருந்து செம்பகம் ஒருமுறை அலறினாள். நான் ஓடினேன். தொண்ணூற்று நான்கு கிலோவும் சேர்ந்து ஓடியது. காளியப்பன் என் முழங்கையைப் பிடித்து நடுகல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வில்லை வளைத்துக்கொண்டு வேடியப்பன் என்னைப் பார்த்தான். எனக்கு வாயில் வந்தது எனக்குத் தெரிந்த பாஷைதான்.

"திருப்பத்தூர் மாவட்டம், திருப்பத்தூர் டவுன், கீழ்க்கிணற்றுத் தெரு, கதவு எண் பதினாலு, இரண்டாவது மாடியில் வசிக்கும், காலஞ்சென்ற மாசிலாமணி அவர்கள் குமாரர் சிங்காரவடிவேல் ஆகிய நான், சுயநினைவோடும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும்..."

"சார்," என்று முழங்கையை இன்னும் இறுக்கினார் காளியப்பன், "சாமிக்கு அவ்ளோ வேணாம். என் வூடுன்னு சொல்லுங்க, போதும்."

"என் வீடு," என்றேன்.

என் வாழ்நாளில் நான் முற்றுப்புள்ளி வைத்த மிகச் சின்ன வாக்கியம் அதுதான்.

அங்கே சடச்சியம்மாவின் வீட்டுத் தரை படுத்துக்கொண்டது. பாதி வழியில் தொற்றிக்கொண்டிருந்த அவர் சொம்போடு எழுந்து நின்றார், நர்ஸ் உள்ளே ஓடினார். செம்பகம் தானே கட்டிலைவிட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் அங்கேயே ஒரு பெண்குழந்தையைப் பெற்றெடுத்தாள். குழந்தைக்கு என் ஞாபகமாக ஏதாவது பெயர் வைப்பார்கள், பெண்ணாக இருந்தாலும் சிங்காரி என்றாவது வைப்பார்கள் என்று ஒரு நிமிடம் எதிர்பார்த்தேன். வைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் என் போன் அடித்தது. என் மனைவி கஸ்தூரி.

"ஏங்க, நம்ம வீட்டுக்கு என்ன ஆச்சு? பால்கனியில துணி காயப்போட வந்தேன். திரும்பி உள்ள போலாம்னு பாத்தா ஹால் எழுந்து நிக்குது."

"அது... நான்தான்மா வாங்கினேன்."

"என்னத்த வாங்கினீங்க?"

"ஏத்தம்."

முழுவதையும் சொன்னேன், குட்டியானையையும் சேர்த்து. குழந்தை பிறந்ததையும் சொன்னேன்.

"அம்மாவும் புள்ளையும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க."

"சரி. இத வாங்கறதுக்கு முன்னாடி இங்க ஒருத்தி இருக்காளேன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் எதை வாங்கும்போதும் கேட்டதில்லை, ஆனால் அவற்றில் எதுவும் அவளைப் பால்கனியில் கொண்டுபோய் நிறுத்தியதில்லை. வீடு வந்து சேர்ந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, சோபாவைப் பிடித்து, டிவி மேசையைப் பிடித்து, முப்பத்து மூன்று பேரின் இரண்டு நடை இறக்கத்தையும் என் சொந்த ஹாலில் வயிற்றால் ஏறி, பால்கனியை அடைந்தபோது மணி நாலு. கஸ்தூரி பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். சாம்பார் சட்டையில் இருந்தது. அவள் சட்டையைப் பார்த்துக்கொண்டே வெறும் இட்லியைச் சாப்பிட்டாள்.

கழகம் கூடியது. நான் எழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஆச்சரியம் என்னவென்றால் யாரும் ஆச்சரியப்படவில்லை. முறை எப்படி வைப்பது என்றுதான் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மான்கொல்லை வீடுகளுக்கு விடுமுறை, சாலையில் ஓட்டுகிறவர்களில் ஒருத்தர் வீடுதான் ஏறவேண்டும், சனிக்கிழமை சாயங்காலம் சடச்சியம்மாவுக்குப் போன் செய்தால் அவர் கல்லிடம் சொல்லிவிடுவார் என்று முடிவாயிற்று. அடுத்த வாரம் முப்பத்து மூன்று பேர் ஐந்து பேரானோம். மீதிப் பேருக்கு ஒரே சமயத்தில் மூட்டுவலி வந்துவிட்டது. ஆனால் திருப்பத்தூர் பழகிக்கொண்டது. இன்றைக்கு யார் வீட்டில் மேடு என்று தெருவில் சாதாரணமாகக் கேட்பார்கள். அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் முந்தின நாளே கயிறு கொண்டுவந்து கொடுப்பார்கள். வீட்டிலேயே வைத்தியம் பார்க்கிற இம்மானுவேல், தன் முறை வந்த நாளில் வரவேற்பறையிலிருந்து நாற்காலி வரை ஏறி வந்த நோயாளிகள் பல்வலியையே மறந்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்கிறார்.

ஐந்தாவது வாரம் என் முறை மறுபடியும் வந்தது. சனிக்கிழமை கஸ்தூரி கயிற்றை எடுத்து வைத்தாள். அதை என் இடுப்பளவுக்கு அளந்து பார்த்தாள்.

"நாளைக்கு நீங்க வீட்ல இருங்க," என்றாள். "நான் போறேன்."

"எங்க?"

"மான்கொல்லைக்கு."

"உனக்குத்தான் சைக்கிள் ஓட்டத் தெரியாதே?"

அவள் என்னை அதிசயமாகப் பார்த்தாள்; வீடு எழுந்து நின்றபோதுகூட அவள் குரலில் அவ்வளவு அதிசயம் இல்லை. "ஆம்பூர்ல ஆறு வருஷம் ஸ்கூலுக்கு எதுல போனேன்னு நெனச்சீங்க?"

காலையில் என் சைக்கிளில் சீட்டை நாலு விரற்கடை இறக்கிக்கொண்டு, சுடிதாரின் துப்பட்டாவைக் குறுக்கே முடிந்துகொண்டு, இம்மானுவேலின் வண்டியில் போய்விட்டாள். நான் கட்டிலில் கயிற்றோடு காத்திருந்தேன். எட்டு மணிவரை வீடு சாதாரணமாக இருந்தது. பிறகு படுக்கையறைத் தரை மெல்ல, யாரையும் பயமுறுத்தாத மாதிரி, தலையைத் தூக்கியது. அவள் புறப்பட்டுவிட்டாள் என்று தெரிந்தது. எழுந்து அடுப்படியைப் பார்த்து ஏற ஆரம்பித்தேன். ஒவ்வொரு அடியிலும் அவள் எங்கே திரும்புகிறாள், எங்கே வேகம் எடுக்கிறாள் என்று என் முழங்காலுக்குத் தெரிந்தது. ஒரு வளைவில் அவள் பிரேக்கைவிட்டு இரண்டு காலையும் தூக்கியிருக்க வேண்டும், எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

ஹாலின் நடுவில், கதவு நிலையைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் முதலில் வெறும் காற்றுச் சத்தம். பிறகு அவள் சிரிக்கிற சத்தம். அது யார் சிரிப்பு என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

"என்னங்க, ரொம்பக் கஷ்டமா இருக்கா?"

"சே, இல்லியே," என்றேன். வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு நடை போய்ட்டு வரட்டுமா?"

நிலையில் பிடியை மாற்றிக்கொண்டேன்.

"ஒண்ணு என்ன," என்றேன், "அஞ்சு நடை போய்ட்டு வா."